பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம்

எங்கள் வார்டில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வைத்தது பக்கத்துக் கட்டில்காரர். வந்து சேர்ந்த முதல் நாளே, "நான் ஓட்டுனது இடையில எங்கயும் நிக்காத வண்டி" என்று மூன்று பேரிடம் சொல்லிவிட்டார். நாலாவது ஆளிடம் சொல்வதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் அந்த வார்டில் குறிப்பெழுதுகிறவள். முதுகுத்தண்டில் அடிபட்டு, அறுவை முடிந்து, பிழைத்தாயிற்று, இனி எப்படி வாழ்வது என்ற கேள்வியோடு ஆட்கள் வருகிற இடம் அது. மொத்தம் பன்னிரண்டு கட்டில். புதன்கிழமைதோறும் பதினொரு மணிக்கு எல்லாத் துறைக்காரர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுவார்கள். நான் எழுதுவேன். பதினெட்டு வருடம் எழுதியதில் ஒன்று தெரிந்தது. மனிதனைப் பங்கு போட்டுக்கொள்வதில் படித்தவர்களை யாரும் மிஞ்ச முடியாது. தோல் சிஸ்டருக்கு. கையும் தோளும் பிசியோவுக்கு. மூத்திரப்பை டாக்டருக்கு. வீட்டு வாசற்படி, கழிவறைக் கதவு, மேஜையின் உயரம் எல்லாம் எந்நேரமும் இஞ்சு டேப்போடு அலைகிற ஒரு அம்மாவுக்கு. அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குவது அவர் பொறுப்பு, நாங்கள் அளவம்மா என்போம். மனம் கவுன்சிலருக்கு, அதுவும் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். மிச்சம் ஏதாவது இருந்தால் அது நோயாளிக்கு.

எக்ஸ்பிரஸுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பதினாறு வயதில் லாரி கழுவ ஆரம்பித்தவர். அப்புறம் கிளீனர், அப்புறம் லாரி டிரைவர், கடைசியில் பஸ் டெப்போவில் நிரந்தர வேலை. இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டினார். காலை ஆறு மணிக்கு சீட்டில் உட்கார்ந்தால் மதியம் ஒரு மணிக்குத்தான் இறங்குவார். நடுவில் மூத்திரம் வரக்கூடாது என்பதற்காக விடிந்ததிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார். வாய் கொப்பளிப்பதோடு சரி. ஏழு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதை, மற்றவர்கள் பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்வதுபோலச் சொல்வார்.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அவர் மனைவிக்கு இதில் தனியாக ஒரு எரிச்சல் உண்டு. "வீட்ல அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல உக்கார மாட்டாரு. வண்டியில மட்டும் ஆணி அடிச்ச மாதிரி உக்காருவாரு" என்று என்னிடம் சொன்னார்.

விபத்து என்று சொன்னால் எக்ஸ்பிரஸுக்குக் கோபம் வரும். இருபத்திரண்டு வருடத்தில் வண்டிக்கு ஒரு கீறல் விழவில்லை. ஒருநாள் டெப்போவில் சும்மா நின்றுகொண்டிருந்த வண்டியின் முன் பம்பரில் ஏறிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதற்கு ஆள் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் துடைத்தால் மூலையில் கோடு விழும் என்பது இவர் கட்சி. ஈரக் கால் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தார். பின்னால், மெக்கானிக்குகள் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளம். அதன் சிமெண்டு விளிம்பில் நடுமுதுகு பட்டது. அன்றோடு தொப்புளுக்குக் கீழே எதுவும் தெரியாமல் போயிற்று.

எங்களிடம் வந்தபோது அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். கால் வருமா என்று அவர் கேட்கவே இல்லை. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். "டைம் ஆபீஸ்ல ஒரு சீட்டு காலியாகுதாம். அது எனக்கு வேணும்" என்றார். வண்டிகள் டெப்போவை விட்டுக் கிளம்பும்போது நேரம் குறித்து அனுப்புகிற வேலை. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி செய்யலாம். டெப்போ மேனேஜரும் நல்ல மனிதர்தான். ஒரு ஷிப்டு முழுக்க உட்கார முடியும் என்று தெரிந்தால் இடத்தை அவருக்கே வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் படுத்துக் கிடக்கிற ஆளாகிவிடுவோமோ என்ற பயத்துக்கு எதிராக எக்ஸ்பிரஸ் பிடித்துக்கொண்ட ஒரே கம்பி அந்த வேலைதான்.

வார்டில் முதல் பாடம் உட்காருவது. நாம் உட்கார்ந்திருக்கும்போது நமக்கே தெரியாமல் நெளிகிறோம், சாய்கிறோம். வலி சொல்லித் தருகிறது. வலி தெரியாத உடம்பு அப்படியே இருக்கும். உட்காரும் எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகும். அதனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் சக்கர நாற்காலியில் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி, முப்பது எண்ணி இறக்க வேண்டும். வார்டில் அதைத் தூக்கல் என்போம்.

"தூக்கல்னா உப்புதானே?" என்றார் எக்ஸ்பிரஸ் முதல் நாள்.

"உப்பு தூக்கலா இருந்தா துப்பிடலாம். இது இல்லாம போனா ரெண்டு மாசம் குப்புறக் கிடக்கணும்" என்றார் சிஸ்டர். ஓய்வு பெற நாலு வருடம் இருக்கிற சிஸ்டர். சிரிக்காமல் பேசுவார்.

எக்ஸ்பிரஸ் தலையாட்டினார். செய்து காட்டச் சொன்னால் அருமையாகச் செய்தார். ஸ்டீயரிங் பிடித்த தோள். முப்பது என்ன, ஐம்பது எண்ணினார். யாரும் பார்க்காதபோது செய்தாரா என்று யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் பிசியோவின் பலகை. பிசியோ இளைஞர், நல்லவர், உற்சாகம் கொஞ்சம் கூடுதல். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, யார் யார் எவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று தினமும் எழுதினார். ஒரு மணி, ஒன்றரை, இரண்டு. மற்றவர்களுக்கு அது ஊக்கம். ஏழு மணி நேரம் அசையாமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்கிறவருக்கு அது போதை. மூன்று வாரத்தில் அவர் பெயர் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீரும் பழையபடி வாய் கொப்பளிக்க மட்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே குழாய் வைத்து மூத்திரம் எடுக்க வேண்டும்; தண்ணீர் குடிக்காவிட்டால் அந்த வேலை மிச்சம் என்று அவர் கணக்கு. ஒரு தடவை மூத்திரத்தில் கிருமி சேர்ந்து காய்ச்சலில் நடுங்கினார். டாக்டர் திட்டினார், மருந்து கொடுத்தார், தீர்ந்தது. அந்தத் திட்டு டாக்டருக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே நின்றுவிட்டது.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் ஞாயிறு. சிஸ்டருக்கு விடுமுறை, பிசியோ அறை பூட்டியிருந்தது. எக்ஸ்பிரஸ் காலை எட்டு மணிக்கு நாற்காலியில் ஏறினார். மாலை ஐந்துக்குத்தான் இறங்கினார். ஒத்திகை பார்த்தாராம். வழக்கமாக ராத்திரி படுக்கும் முன் மனைவி கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது உண்டு. அன்று, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ போய் வீட்டப் பாரு" என்று அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை மேனேஜர் வந்தார், மூன்று மணி நேரம் இருந்தார், மலைத்துப்போனார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போனார். அதற்கு நாலு வாரம் இருந்தது.

சாயங்காலம் சிஸ்டர் அவரைப் புரட்டிப் பார்த்தார். இடது பக்கம் உட்காரும் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. நடுவில் கறுக்க ஆரம்பித்திருந்தது. சிஸ்டர் போய்க் கை கழுவினார். கழுவி முடித்தும் குழாயை மூடாமல் நின்றார்.

அந்த வாரப் புதன்கிழமைக் கூட்டம் கூட்டமாக இல்லை, சந்தையாக இருந்தது. சிஸ்டர் பலகையைக் குறை சொன்னார். பிசியோ ஞாயிற்றுக்கிழமையைக் குறை சொன்னார். அளவம்மா, நாற்காலி மெத்தையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேனே என்றார். டாக்டர், "இதுவரைக்கும் இவரைப் பத்தி என்ன எழுதியிருக்கு, படிங்க" என்று என்னைப் பார்த்தார்.

படித்தேன். "பிசியோ: உட்காரும் திறன் பிரமாதம். சிஸ்டர்: லேசான சிவப்பு, கவனிக்கவும். டாக்டர்: தண்ணீர் போதவில்லை. கவுன்சிலர்: வேலைக்குத் திரும்புவதில் மிகுந்த ஆர்வம்." ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக, என் கையெழுத்தில், அழகாக இருந்தன. நாலும் ஒரே ஆள் என்று அந்த மேஜையில் யாருக்கும் தோன்றவில்லை. எழுதிய எனக்கும் தோன்றவில்லை. பங்கு போடுகிறார்கள் என்று பதினெட்டு வருடம் நக்கல் அடித்தவள் நான். பங்குக்கு ரசீது எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

"எட்டு வாரம்" என்றார் டாக்டர். "ஒரு நாள் குறைஞ்சாலும் நான் விடமாட்டேன்."

குப்புறப் படுப்பவர்களுக்கு எங்களிடம் சக்கரம் வைத்த நீளத் தள்ளுவண்டி உண்டு. வயிறு கீழே இருக்கக் கையால் உருட்டிக்கொண்டு போகலாம். எக்ஸ்பிரஸ் அதை உருட்டவில்லை. நாலு நாள் யாரிடமும் பேசவில்லை. கவுன்சிலர் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வார்த்தை வாங்கினார். "சீட்டு போச்சு மேடம்." அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் கண்டக்டர் வந்தார். அவரோடு பதினாலு வருடம் ஒரே வண்டியில் போனவர். ஒல்லி உடம்பு, ஓயாத வாய். உள்ளே வந்ததும் நேராக சிஸ்டரிடம் போய் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் தள்ளுவண்டியின் தலைமாட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் இரண்டு முகமும் நேருக்கு நேராக வந்தன.

"என்ன அண்ணே, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்டாப்பிங்காமே."

எக்ஸ்பிரஸ் தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர் சொன்னாங்க. ஸ்டாப்பிங்ல நிக்காம போயி வண்டிய உக்கார வச்சிட்டீங்களாம்."

"என்னை டவுன் பஸ் ஆக்கப் பாக்குறாங்கப்பா" என்றார் எக்ஸ்பிரஸ். ஐந்து நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். "மூலைக்கு மூலை நிக்கணுமாம். இருபத்திரண்டு வருஷம் நிக்காம ஓட்டுனவன் நான்."

"ஓட்டுனது நீங்க. நிப்பாட்டுறது யாரு? என் விசில் இல்லாம ஒரு நாளாவது வண்டிய நிப்பாட்டியிருக்கீங்களா, எடுத்திருக்கீங்களா? தனியா விட்டா இப்படித்தான் போவீங்கன்னு எனக்குத் தெரியும்."

எக்ஸ்பிரஸின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். குப்புறக் கிடக்கிறவரின் முகம் தெரியாது. கண்டக்டருக்குத் தெரிந்தது. அவர் கையை நீட்டி இவர் தலையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவர் வாய் ஓய்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

போகும்போது, "சீட்டப் பத்திக் கவலைப்படாதீங்க. துண்டு போட்டு வைக்கிறேன்" என்றார்.

துண்டு என்று அவர் சொன்னது தன்னையே. மறுநாள் மேனேஜரிடம் போய், முழங்கால் வலி, வண்டியில் நிற்க முடியவில்லை, ஒன்றாம் தேதியிலிருந்து இரண்டு மாதம் டைம் ஆபீஸில் போடுங்கள் என்று கேட்டாராம். ஓடுகிற பஸ்ஸில் படியில் தொங்கி ஏறுகிற மனுஷனுக்கு முழங்கால் வலி. மேனேஜருக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தே பழக்கமில்லாத அந்த ஆள் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் எட்டு வாரம் அடைந்து கிடந்தார். "ஜெயில் மாதிரி இருக்கு மேடம், பேச ஆளில்லை" என்று என்னிடம் புலம்பினார். எக்ஸ்பிரஸிடம் புலம்பவில்லை.

அவர் செய்த இன்னொரு காரியம், தன் பழைய விசிலை சிஸ்டரிடம் கொடுத்தது. எட்டு வாரம் கழித்து எக்ஸ்பிரஸ் மறுபடி நாற்காலியில் ஏறிய நாளில், முதலில் பத்து நிமிடம், அப்புறம் இருபது என்று ஏற்றியபோது, சிஸ்டர் அதை ஊதினார். எக்ஸ்பிரஸின் கை தானாக ஊன்றிக்கொண்டது. அவரைப் பார்த்து மற்ற நாற்காலிக்காரர்களும் தூக்கினார்கள். சிஸ்டரின் முகத்தில் சிரிப்புப் போன்ற ஒன்றை அன்றுதான் பார்த்தேன். நாலாம் நாள் மேல்மாடி வார்டிலிருந்து எழுத்தில் புகார் வந்தது. விசில் மேஜை டிராயருக்குள் போயிற்று.

பிசியோ பலகையைத் துடைத்துவிட்டு, மணிக்குப் பதிலாகத் தூக்கல் எண்ணிக்கையை எழுத ஆரம்பித்தார். மனிதர் தவறை ஒத்துக்கொண்ட விதம் அது. கண்ணாடியை இப்போது எக்ஸ்பிரஸே கேட்டு வாங்கினார். நீளக் காம்பு வைத்த கண்ணாடியால் தானே பார்த்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டார். மனைவி தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டு மணி எழுதி ஒட்டினார். "ஜெராக்ஸ் எடுத்து எல்லாக் கட்டிலுக்கும் கொடுக்கவா?" என்று கேட்டார். கொடுத்தார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின புதன்கிழமைக் கூட்டத்தில் அவரையும் உட்கார வைத்தோம். இந்த வழக்கம் அவரால் வந்தது. பேசப்படுகிற ஆள் மேஜையில் இருந்தால், நாலு வரியும் ஒரே ஆளைப் பற்றியது என்பது மறக்காது. அளவம்மா டெப்போவுக்குப் போய் வந்திருந்தார். மேஜைக்கு அடியில் முழங்கால் நுழைகிற உயரம், கழிவறைக் கதவு, சாய்வுத்தளம் எல்லாம் சரி. டவுன் பஸ்கள் சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று கிளம்புகின்றன.

"அதுதான் எனக்கு விசில். ஒரு வண்டிக்கு நேரம் போட்டு அனுப்புனா ஒரு தூக்கல்" என்றார் எக்ஸ்பிரஸ், எதையோ கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு.

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. பிசியோ கைதட்டியே விட்டார். சிஸ்டர் மட்டும் தட்டவில்லை.

"வண்டி வரலைன்னா?" என்றார்.

பிசியோ கையை இறக்கினார். பலகை, விசில், வண்டி என்று எப்போதும் வெளியே இருந்துதான் எக்ஸ்பிரஸுக்கு உத்தரவு வந்திருக்கிறது. அது இல்லாத நேரத்தில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்துவிட்ட ஆள் அவர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே மறுநாள் வீட்டுக்குப் போனார். வேலையில் சேர்ந்த நாளில் கண்டக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார், அதை ஓரமாக நகர்த்தினார், எக்ஸ்பிரஸ் தன் நாற்காலியோடு அந்த இடத்துக்குள் போனார் என்று மனைவி போனில் சொன்னார். கண்டக்டரின் முழங்கால் அன்றே குணமாகிவிட்டதாம்.

மூன்று மாதம் கழித்து நானும் அளவம்மாவும் டெப்போவுக்குப் போனோம். போன நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்த்து எழுத வேண்டியது என் வேலை. புறப்படும்போது சிஸ்டர், "தோலப் பாத்துட்டு வாங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் கேட்டது எனக்குப் புரிந்தது.

அவர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். சட்டைக் காலர் கசங்காமல், தண்ணீர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில். டவுன் பஸ் டிரைவர் நேரச் சீட்டை நீட்டினார். எக்ஸ்பிரஸ் நேரம் போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் ஊன்றினார். அவர் முப்பது எண்ணி இடுப்பை இறக்கும்வரை டிரைவர் நின்றுவிட்டுத்தான் போனார். இது அங்கே பழகிப்போயிருந்தது.

தோலைப் பார்க்க அவரை மறைவுக்கு அழைத்துப்போனார் அளவம்மா. எனக்கு வேலையில்லை. மேஜையில் திறந்து கிடந்த பதிவேட்டைப் புரட்டினேன். குறிப்பெழுதுகிறவளுக்கு இன்னொருவர் குறிப்பைப் படிக்காமல் இருக்க வராது. வண்டி எண், வந்த நேரம், போன நேரம், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி. பத்து நாளுக்கு முந்தின ஒரு பக்கத்தில் மட்டும் நிரம்பியிருந்தது. அன்று பெருமழை, பாலத்தில் தண்ணீர் ஏறிப் பத்து மணிக்கு மேல் வெகுநேரம் ஒரு வண்டியும் வரவில்லை.

10.15. வண்டி வரவில்லை. தூக்கல் ஆயிற்று.

10.30. வண்டி வரவில்லை. தூக்கல் ஆயிற்று.

10.45. வண்டி வரவில்லை. தூக்கல் ஆயிற்று.

இப்படியே ஏழு வரி. எந்த வரியிலும் "மேற்படி" என்று போட்டுத் தப்பிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு வண்டி வந்திருந்தது. அதற்கு மட்டும், ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அலுவலகத்தில் வைத்து அழுகிற ஆள் இல்லை நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. பதிவேடு எந்தப் பக்கத்தில் திறந்திருக்கிறது என்று அவர் பார்த்துவிட்டார். கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"மேனேஜர் கேட்டாரு, இதெல்லாம் எதுக்கு எழுதுறீங்கன்னு. சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டாங்க, பதில் சொல்லாம வந்துட்டேன்னு சொன்னேன்" என்றார்.

புதன்கிழமைக் கூட்டத்தில் நான் எதையும் சுருக்கித்தான் படிப்பேன். அன்று ஏழு வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தோல்?" என்று கேட்டார்.

"சுத்தம்" என்றார் அளவம்மா.